டாக்காவின் தீர்ப்பு, லண்டனின் முடிவு

கிழக்கு வங்காளத்துப் பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய், 1909 மே மாதம் டார்ஜிலிங்கில் காலமானார், அங்கேயே தகனமும் முடிந்தது என்றுதான் ஊர் நம்பியிருந்தது. ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பிறகு டாக்காவின் ஆற்றங்கரையில் உடலெங்கும் சாம்பல் பூசிய ஒரு சாமியார் வந்து உட்கார்ந்தார். குமாரரே திரும்பிவிட்டார் என்றார்கள் ஜமீன் குடிகள். உடன்பிறந்த ஜோதிர்மயி தேவியும் அதையே சொன்னார். மனைவி விபாவதி தேவி மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை.

1930-இல், தானே குமாரர் என்று சாமியார் வழக்குத் தொடுத்தார். 1933 நவம்பரில் டாக்காவில் நீதிபதி பன்னாலால் பாசு முன் விசாரணை தொடங்கியது. இரு தரப்பிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். குமாரரின் குடும்பத்தில் சிலருக்குப் பாதத் தோல் செதில் செதிலாக இருக்கும். வாதியின் பாதமும் அப்படியே இருந்தது. குமாரரின் இடது கணுக்கால் பக்கம் வண்டிச் சக்கரம் ஏறிய தழும்பு உண்டு. வாதிக்கும் அதே இடத்தில் தழும்பு. இவர் பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு ஆள் என்றது எதிர்த்தரப்பு. குமாரர் இறந்ததாகச் சொல்லப்பட்ட இரவில் டார்ஜிலிங்கில் மழை பெய்ததா என்பதே தனி வழக்குபோல வாதிடப்பட்டது. மழைக்குப் பயந்து, உடலைத் தகனத்துக்குச் சுமந்து வந்தவர்கள் ஒதுங்கிய நேரத்தில் உடல் காணாமல் போனது என்பதுதான் வாதியின் கதை. அத்தனையையும் கேட்டு, சாட்சிகளின் முகம் பார்த்து, தானே வங்காளியான பாசு 1936 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்: இவர் குமாரர்தான்.

விபாவதி தேவி கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றார். கோஸ்டெல்லோ, பிஸ்வாஸ், லாட்ஜ் என மூவர் அமர்வு. வாதம் முடிந்ததும் விடுப்பில் இங்கிலாந்து போன கோஸ்டெல்லோ, போர் மூண்டதால் திரும்ப முடியாமல், தன் தீர்ப்பை எழுதி அனுப்பினார். பிஸ்வாஸும் அவரும் பாசுவின் முடிவை உறுதிசெய்தார்கள்; லாட்ஜ் மாறுபட்டார். 1940-இல் மேல்முறையீடு தள்ளுபடியானது.

மீதியிருந்தது, இந்திய வழக்குகளுக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில். வழக்கைக் கேட்டவர்களில் தாங்கர்டன் பிரபு, டு பார்க் பிரபு ஆகியோருடன், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சர் மாதவன் நாயரும் ஒருவர். ஒரு நிகழ்வு நடந்ததா இல்லையா என்பதில் கீழே இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்திருந்தால், மூன்றாவது முறையாகச் சாட்சியங்களை எடைபோடுவதில்லை என்பது அங்கே நெடுநாள் வழக்கம். அந்த வழக்கத்தை உடைக்கத்தான் விபாவதி தேவியின் வழக்கறிஞர்கள் முயன்றார்கள். மூவரில் ஒருவர் மாறுபட்டபின் அது எப்படி ஒருமித்த முடிவாகும்? கடல் கடந்து வந்த காகிதம் எப்படித் தீர்ப்பாகும்?

1946 ஜூலை 30 அன்று தாங்கர்டன் பிரபு இரண்டையும் மறுத்தார். உயர் நீதிமன்றத்தில் ஒருவர் மாறுபட்டதாலோ, இரு நீதிமன்றங்களும் வெவ்வேறு காரணங்கள் சொன்னதாலோ ஒருமித்த முடிவு கெடாது. முடிவுக்கு ஆதாரமே இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது சட்டத்திலோ விசாரணை முறையிலோ அடிப்படைப் பிழை நேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தலையிட இடமுண்டு. ஆனாலும் இதை மீறவே முடியாத விதியாக அவர் வைக்கவில்லை. அபூர்வமான வழக்குகளுக்குக் கதவைத் திறந்தே வைத்தார்.

இதை வெறும் ஒதுங்கல் என்று சொன்னால் தவறாகிவிடும். மழையும், குமாரர் இறந்ததாகச் சொல்லப்பட்ட நேரமும் லண்டனிலும் நாள்கணக்கில் அலசப்பட்டன. ஆனால் சாமியாரின் கணுக்காலைப் பார்த்தது டாக்கா. பார்த்ததைப் பாசு ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார். கவனமாக எழுதப்பட்ட அந்த முதல் தீர்ப்பு இல்லாவிட்டால் மேலே உறுதிசெய்ய எதுவும் இருந்திருக்காது. நம் கீழமை நீதிமன்றங்களுக்கு அந்தப் பொறுமைக்கான நேரம் வாய்க்க வேண்டும்.

தீர்ப்புச் செய்தி எட்டிய சில நாட்களில் சாமியார் கல்கத்தாவில் இறந்துபோனார். 1949-இல் பிரிவி கவுன்சிலுக்கு இந்தியாவிலிருந்து மேல்முறையீடு செல்வதும் நின்றது. அரசியலமைப்பின் 136-ஆவது பிரிவின் கீழ் சிறப்பு அனுமதியோடு வரும் வழக்குகளில், இரண்டு நீதிமன்றங்கள் ஒத்துச் சொன்ன நிகழ்வுகளைக் கிளறும் முன் உச்ச நீதிமன்றம் இன்றும் தயங்குவதற்குப் பின்னால் இந்தப் பழைய வழக்கம் இருக்கிறது.