பதினாறு விதிகளும் ஒரு 'நே'யும்

1887இல் வார்சாவில் சாமன்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோவின் இலக்கணம் 16 விதிகளுக்குள் அடங்கியது. இலக்கணப் பால் இல்லை. செயப்படுபொருளுக்குரிய 'ன்' உருபு ஆங்கிலேயரைத் தடுமாறச் செய்யும். 'ஐ' உருபில் பழகிய தமிழருக்கு அது புதிதன்று.

இந்தியின் நிலை வேறு. ரொட்டி அங்கே பெண்பால். 'ராம் ரோட்டி காதா ஹை' என்பதில் வினை ராமனைச் சாரும். இறந்தகாலத்தில் 'ராம் நே ரோட்டி காயீ' என்றதும் ரொட்டியைச் சாரும். அஃறிணையில் ஆண், பெண் பகுக்காத தமிழ் மாணவர் திணறுவது இவ்விடத்தில்தான்.

ஆயினும் இவ்விரு மொழிகளின் வரலாற்றையும் கற்றல் எளிமை தீர்மானிக்கவில்லை. எஸ்பெராண்டோவைப் பள்ளிகளில் கற்பிக்கும் யோசனையை 1922இல் உலக நாடுகள் சங்கத்தில் பிரான்சு எதிர்த்தது. காரணம் இலக்கணமன்று, பிரெஞ்சின் செல்வாக்கு. 1938இல் சென்னை மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் ராஜாஜி அரசு இந்தியைக் கட்டாயமாக்கியபோது மூண்ட போராட்டமும் 'நே'யைக் குறித்ததன்று. அவ்வாணை 1940இல் திரும்பப் பெறப்பட்டது.