ஓட்டோ கியர்பொக்ஸ் பழுதறிதலும் திருத்துதலும்: துணுக்காய்ப் பகுதியின் பழைய வாகனங்கள்

ஓட்டோ கியர்பொக்ஸ் என்பது சாரதி கிளட்ச் மிதிக்காமலும் கியர் போடாமலும், வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தானே கியரை மாற்றிக்கொள்ளும் பெட்டி. முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள துணுக்காய்ப் பிரதேச செயலர் பிரிவில், மல்லாவி, யோகபுரம் உட்பட, இவ்வகை வாகனங்கள் போர் முடிந்து 2009ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மீள்குடியேற்றத்துக்குப் பின்னரே பரவின. ரொயோட்டாவின் டொல்பின் ஹயேஸ், டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்கள், கொரொல்லா 110, 121 கார்கள் போன்றவற்றுள் பல இன்று இருபது வயதைத் தாண்டியவை. இக்கட்டுரை இவற்றிலுள்ள மூன்று, நான்கு கியர் நீரியல் பெட்டிகளைப் பற்றியது. பட்டியால் இயங்கும் சீவிடி பெட்டியின் அமைப்பும் பழுதும் வேறு.

துணுக்காய் அடங்கும் வன்னியில் வாகனம் திருத்தும் கைத்திறனுக்குத் தனி வரலாறு உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாக இருந்தபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களுக்குக் கிடைக்காத பாகங்களைக் கடைசல் பட்டறையில் செய்துகொண்டார்கள். அவை கையால் மாற்றும் கியருள்ளவை. கழற்றிப் பார்த்தால் உடைந்த பல்லும் தேய்ந்த பெயாரிங்கும் கண்ணுக்குத் தெரியும். ஓட்டோ கியர்பொக்ஸில் பழுதின் காரணம் பெரும்பாலும் கழற்றிய பின் தெரிவதில்லை. எரிந்த கிளட்ச் பிளேட் மட்டுமே தெரியும். அது ஏன் எரிந்தது என்பதைப் பெட்டி வாகனத்தில் இருக்கும்போதே அளந்து அறிய வேண்டும். இந்த வேறுபாட்டை உணராமல் கழற்றப்பட்டு, புதிய பிளேட் போடப்பட்டு, சில மாதங்களில் மறுபடி எரிந்த பெட்டிகள் ஏராளம்.

திருத்தம் இன்று இவ்வளவு முக்கியமானதற்குப் பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. இலங்கை அரசு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான வழி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில், 2022இல் ரூபாய் சரிந்ததால் உதிரிப்பாக விலையும் ஏறியது. பழைய வாகனத்தைக் கைவிடுவது குடும்பங்களுக்கு இயலாததாயிற்று.

முழுத் தன்னியக்கமான கியர்பொக்ஸைப் பெருமளவில் முதலில் விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ். ‘ஹைட்ராமெட்டிக்’ என்ற பெயரில் அது 1940ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்தது. ரொயோட்டாவின் ‘ரொயோகிளைட்’ 1959இல் வெளியானது. 1969இல் தொடங்கப்பட்ட ஐசின் வார்னர் நிறுவனத்தின் பெட்டிகளே பிற்கால ரொயோட்டா வாகனங்கள் பலவற்றில் உள்ளன.

இயக்கம் முழுவதும் ஒயில் அழுத்தத்தில் தங்கியிருக்கிறது. எஞ்சினின் சுழற்சியை டோர்க் கன்வேர்ட்டர் ஒயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துகிறது. உள்ளே சூரியனைச் சுற்றும் கோள்கள் போன்ற அமைப்பில் உள்ள பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே நிற்கும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதைக் கிளட்ச் அடுக்குகள் தீர்மானிக்கின்றன. குளத்துத் துருசைத் திறந்து எந்த வாய்க்காலுக்கு நீர் விடுவது என்று பிரிப்பதுபோல, வால்வ் பொடி ஒயிலைப் பிரித்து அந்தந்தக் கிளட்சுக்கு அனுப்புகிறது. அழுத்தம் குறைந்தால் கிளட்ச் இறுகப் பிடிக்காது. வழுக்கும் கிளட்ச் சூடேறும், சூட்டில் எரியும். பழுதுகளில் பெரும்பகுதி இந்த ஒரு வழியாலேயே வருகிறது.

வன்னியின் நிலமும் வேலையும் இந்தச் சூட்டைக் கூட்டுகின்றன. ஆட்களை ஏற்றச் செய்த வானில் நெல் மூட்டை ஏற்றப்படுகிறது. மாரியில் சேற்றுக்குள் சில்லு புதைந்தால், முன்னோக்கிய நிலையான டியிலும் பின்னோக்கிய நிலையான ஆரிலும் மாறி மாறிப் போட்டு அக்சிலேற்றரை அழுத்துவது வழக்கம்; பெட்டியை அழிக்க இதைவிட விரைவான வழி குறைவு. சில்லுக்கு முன் பலகையோ கல்லோ போட்டு, மெதுவாக எடுக்க வேண்டும். அடுத்தது ரேடியேட்டர். பல வாகனங்களில் கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கிறது. கடினத்தன்மை கூடிய கிணற்றுநீரைத் தொடர்ந்து ஊற்றும்போது உள்ளே சுண்ணாம்புப் படிவு ஏறி, எஞ்சினோடு கியர் ஒயிலும் சூடாகும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் பாலங்களைக் கடக்கையில் பெட்டியின் காற்றுத்துளை வழியாகவும் நீர் புகலாம். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் படலம் காகித வகையானது. நீர் பட்டால் ஊதிப் பசை விட்டு உரியும்.

பழுதறிதல் ஒயிலில் தொடங்குகிறது. ரொயோட்டா வகைகளில் வாகனத்தைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கியரை மாற்றி, நிறுத்த நிலையான பியில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும்; இந்த வேறுபாடு தெரியாமல் ஒயிலைக் கூடுதலாக ஊற்றிவிடுவார்கள். ஒயில் சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் கருகல் மணம் வீசினால் கிளட்ச் எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால் நீர் கலந்துவிட்டது, பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் உள்ள குழாய் வெடித்து; அந்த வாகனத்தை ஒரு கிலோமீற்றர்கூட மேலும் ஓட்டக்கூடாது.

ஒயிலின் வகையும் பழுதாகத் தோன்றலாம். பழைய ரொயோட்டாப் பெட்டிகள் டெக்ஸ்ரன் 2 அல்லது 3 கேட்பவை, பின்னர் வந்தவை டி-4 கேட்பவை. ஹொண்டாவும் மிட்சுபிசியும் தத்தமக்கென வகுத்த ஒயில் வேண்டுபவை. கடையில் கிடைத்த ஏதோ ஒரு சிவப்பு ஒயிலை விட்டால் கியர் மாறும்போது நடுக்கம் வரும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எனது கணிப்பில் மிகக் கூடுதலாகப் புறக்கணிக்கப்படுவது, அக்சிலேற்றரிலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் கேபிள். கணினிக் கட்டுப்பாடு இல்லாத பெட்டிகளில், எஞ்சின் எவ்வளவு பலம் தருகிறது என்பதை இந்தக் கேபிளே பெட்டிக்குச் சொல்கிறது. அதற்கேற்ப ஒயில் அழுத்தம் கூடும். ரொயோட்டாவில் அக்சிலேற்றரை முழுதாக அழுத்தும்போது, கேபிள் உறையின் நுனிக்கும் கேபிளில் உள்ள தடைமணிக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டியபின் கேபிளைத் தளர்வாக விட்டுவிட்டால், நெல் மூட்டையோடு போகும் வானின் கிளட்சுக்கு வெறும் வானுக்குரிய அழுத்தமே கிடைக்கும். சில வாரங்களில் பெட்டி எரியும். திருத்த ஒரு ஸ்பனர் போதும்.

கணினிக் கட்டுப்பாடு உள்ளவற்றில் ‘ஓ/டி ஓஃப்’ (ஓவர்டிரைவ் ஓஃப்) விளக்கு தானாக மின்னினால் கணினி பழுதைப் பதிந்துள்ளது. பழைய ரொயோட்டாவில் சோதனைப் பெட்டியின் டிஈ1, ஈ1 முனைகளை ஒரு வயரால் இணைத்தால், அதே விளக்கு மின்னி எண்ணைக் காட்டும். 62, 63 கியர் மாற்றும் சொலினொய்டுகளையும் (மின்னால் இயங்கும் வால்வுகள்), 64 கன்வேர்ட்டரைப் பூட்டும் லொக்-அப் சொலினொய்டையும், 42, 61 வேக உணரிகளையும் சுட்டுபவை. சொலினொய்டின் மின்தடை பல வகைகளில் 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும். எலி கடித்த வயர், துருப்பிடித்த இணைப்பு ஆகியவற்றாலும் இதே எண்கள் வரும். எஞ்சின் சூட்டைத் தணிக்கவென்று தேமோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கமும் ஒரு பொய்ப் பழுதை உண்டாக்கும்: எஞ்சின் போதிய அளவு சூடேறும்வரை கணினி நான்காம் கியரை அனுமதிக்காது. அதுபோலவே உடைந்த எஞ்சின் மவுண்ட் தரும் இடியும், ஒரு சிலிண்டர் எரியாததால் வரும் குலுக்கமும் கியர்பொக்ஸின் தலையில் கட்டப்படுகின்றன.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை நீடித்தால் அளவீட்டுச் சோதனைக்குப் போகலாம். எஞ்சின் சும்மா ஓடும்போது நடுநிலையான ‘என்’னிலிருந்து டிக்குப் போட்டால் 1.2 செக்கனுக்குள்ளும், ஆருக்குப் போட்டால் 1.5 செக்கனுக்குள்ளும் பிடிக்க வேண்டும் என்பது ரொயோட்டாவின் அளவு. தாமதமானால் அழுத்தம் குறைவு அல்லது கிளட்ச் தேய்வு. ஸ்ரோல் சோதனையில் சில்லுகளுக்கு அடைகொடுத்து, பிரேக்கை முழுதாக மிதித்து, அக்சிலேற்றரை இறுதிவரை அழுத்தி எஞ்சின் சுழற்சியைப் பார்க்கிறார்கள். 5 செக்கனுக்கு மேல் செய்யக்கூடாது. வாகனத்துக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கக்கூடாது. டியிலும் ஆரிலும் சுழற்சி கூடினால் பொதுவான அழுத்தக் குறைவு. டியில் மட்டும் கூடினால் முன்னோக்கிய கிளட்ச் பக்கமும், ஆரில் மட்டும் கூடினால் பின்னோக்கிய கிளட்ச், பிரேக் பக்கமும் பார்க்க வேண்டும். இரண்டிலும் மிகக் குறைந்தால் எஞ்சின் பலமிழந்தது, இல்லாவிட்டால் கன்வேர்ட்டருக்குள் ஒருவழிக் கிளட்ச் கெட்டது. பெட்டியின் பக்கத்திலுள்ள ஆணியைக் கழற்றி அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தால் ஐயம் தீரும்.

திருத்தத்தில் முதலாவது ஒயில் மாற்றம். அடியாணியைத் திறந்தால் மொத்த ஒயிலில் ஒரு பகுதிதான் வடியும், மிச்சம் கன்வேர்ட்டருக்குள் நிற்கும். ஆகவே சில நூறு கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவதும், அடித்தட்டைக் கழற்றிப் பில்டரையும் காந்தத்தையும் கழுவுவதும் நல்லது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் படிவு இயல்பு. உலோகத் துண்டுகள் இருந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டும். புது ஒயில் விட்டதால் கியர்பொக்ஸ் போனது என்று சொல்லப்படுவதில், ஏற்கெனவே எரிந்த பெட்டிக்கு ஒயிலை மருந்தாகக் கொடுத்த கதையே கூடுதல்.

திறந்தபின் சுத்தமே வேலையின் பாதி. நூல் பிரியும் பழந்துணியால் வால்வ் பொடியைத் துடைத்தால் ஒரு நூல் போதும் வால்வைச் சிக்கவைக்க. சூட்டில் இறுகிய றப்பர் சீல்களை ஒன்றுவிடாமல் மாற்ற வேண்டும். புதிய பிளேட்டுகளைக் குறைந்தது 15 நிமிடம் கியர் ஒயிலில் ஊறவைத்துப் பூட்ட வேண்டும். மூடுமுன் ஒவ்வொரு கிளட்சுக்கும் காற்றழுத்தம் கொடுத்து அது அசைவதைச் சோதிக்க வேண்டும். குளிர்விக்கும் குழாய்களைக் கழுவாமல் விட்டால் பழைய கரி புதுப் பெட்டிக்கே திரும்பிவரும். கன்வேர்ட்டர் முழு ஆழத்துக்கு உட்கார்ந்ததா என்று அளக்காமல் எஞ்சினோடு இறுக்கினால் ஒயில் பம்ப் உடையும்.

பலர் இத்தனைக்கும் போகாமல் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த பெட்டி வாங்கி மாற்றுகிறார்கள். அதுவும் முறையான வழியே. ஆனால் ரேடியேட்டர் அடைப்போ கேபிளோ திருத்தப்படாவிட்டால் வந்த பெட்டியும் எரியும்.

பழுதான வாகனத்தை மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ கயிறு கட்டி இழுத்துச் செல்வது தவறு. எஞ்சின் ஓடாதபோது ஒயில் பம்பும் ஓடாது. உள்ளே உராயும் பாகங்கள் வறண்டு தேயும். எஞ்சின் சுழற்றும் சில்லுகளைத் தூக்கியோ லொறியில் ஏற்றியோ கொண்டுபோக வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. துணுக்காய் இளைஞர்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள பயிற்சி இது. வாகன உரிமையாளர்களே, கியர்பொக்ஸைக் கழற்றச் சம்மதிக்கும் முன் கராஜில் நான்கு அளவுகளைக் கேளுங்கள்: ஒயிலின் நிலை, கேபிளின் இடைவெளி, ஸ்ரோல் சுழற்சி, ஒயில் அழுத்தம். அளக்காமல் கழற்றச் சொல்பவரிடம் வாகனத்தை விடவேண்டாம்.