துடுப்புப் படகும் முன்னாள் படைவீரர் மறுவாழ்வும்

போரில் உறுப்பிழந்தோர், மனக்காயமுற்றோர் ஆகிய முன்னாள் படைவீரர்களின் மறுவாழ்வுக்குக் கயாக், கனோ முதலிய துடுப்புப் படகு விளையாட்டுகள் இன்று பல நாடுகளில் பயன்படுகின்றன. மருத்துவச் சிகிச்சைக்கு இவை மாற்றல்ல, துணை.

தொடக்கம்

காயமுற்ற வீரரை விளையாட்டின் வழியே மீட்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுவான அடித்தளம் இட்டவர் லுட்விக் குட்மன். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்த இம்மருத்துவர், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் முதுகுத்தண்டுப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 சூலை 29 அன்று, சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 முன்னாள் படையினர் அங்கே வில்வித்தைப் போட்டியில் பங்கேற்றனர். அதிலிருந்து வளர்ந்ததே பாராலிம்பிக்.

வால்டர் ரீடு மருத்துவமனை

ஈராக், ஆப்கானித்தான் போர்களில் உடற்கவசமும் விரைவான களச் சிகிச்சையும் பல உயிர்களைக் காத்தன. முந்தைய போர்களில் இறந்திருக்கக் கூடியவர்கள் கை கால் இழந்த நிலையில் உயிருடன் திரும்பினர். அமெரிக்காவில் அவர்களுள் பலர் வாசிங்டன் வால்டர் ரீடு படை மருத்துவமனைக்கு வந்தனர். சிறப்புக் கல்வி ஆசிரியரும் கயாக் ஓட்டுநருமான ஜோ மோர்னினி, 2004இல் நண்பருடன் சேர்ந்து அவர்களுக்குக் கயாக் கற்பிக்கத் தொடங்கினார். நீச்சல் குளத்தில் பழகியவர்கள் பின்னர் ஆற்றுக்குச் சென்றனர். இம்முயற்சியே ‘டீம் ரிவர் ரன்னர்’ என்ற அமைப்பானது. இன்று அதற்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் கிளைகள் உள்ளன.

படகு ஏன் உதவுகிறது?

கயாக்கில் கால்கள் படகுக்குள் மறைந்துவிடுகின்றன. துடுப்பு வலிக்கும் ஆற்றல் பெரும்பாலும் தோள், முதுகு, இடுப்பிலிருந்து வருகிறது. எனவே கரையில் சக்கர நாற்காலி தேவைப்படுபவரும் நீரில் மற்றவருடன் ஒரே வரிசையில் செல்ல முடிகிறது. தேவைக்கேற்ப இருக்கையையும் துடுப்புப் பிடியையும் மாற்றி அமைக்கின்றனர்.

கவிழ்ந்த படகை இடுப்பசைவாலும் துடுப்பாலும் மீண்டும் நிமிர்த்தும் உத்தி, கயாக்கின் அடிப்படைப் பாடம். தலை நீருக்குள் இருக்கையில் பதறாமல் இருந்தால்தான் அது கைகூடும். மேலும், வேகமாக ஓடும் ஆறு முழுக் கவனத்தையும் கோருவதால் பழைய நினைவுகள் சற்று நேரமேனும் விலகி நிற்கின்றன.

இரு வீரர்கள்

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய லானி பெட்வெல் 1997இல் ஒரு வேட்டை விபத்தில் பார்வை இழந்தார். படகை நிமிர்த்தும் உத்தியை வீட்டருகே உள்ள குளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பழகினார். 2013இல் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியே 226 மைல் தொலைவைக் கயாக்கில் கடந்தார். இதைச் செய்த முதல் பார்வையற்றவர் அவரே. உடன் சென்றவர்களின் குரலே அவருக்கு வழிகாட்டி.

ஆத்திரேலியப் படையின் கர்ட்டிஸ் மெக்ராத், 2012 ஆகத்து மாதம் ஆப்கானித்தானில் கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்தார். தூக்குப் படுக்கையில் கிடந்தபடியே, தாம் பாராலிம்பிக்கில் பங்கேற்கப் போவதாகத் தோழர்களிடம் கூறினார். அவர் முதலில் தேர்ந்த வாஆ எனும் பக்கமிதவைப் படகுப் பிரிவு 2016 ரியோ போட்டியில் இடம்பெறவில்லை. மனம் தளராமல் கயாக்குக்கு மாறி, அங்கே தங்கம் வென்றார். டோக்கியோ 2020இல் இரு பிரிவுகளிலும், பாரிஸ் 2024இல் கயாக்கிலும் தங்கம் பெற்றார்.

மீண்டும் ஒரு குழு

பதக்கம் வெல்வோர் சிலரே. பெரும்பாலோர்க்குக் கிடைப்பது தோழமை. படையை விட்டு வருபவர் வேலையை மட்டும் இழப்பதில்லை. தம்மை நம்பியிருந்த, தாம் நம்பியிருந்த குழுவையும் இழக்கிறார். ஆற்றில் முன் செல்பவர் பாறையைக் கண்டு குரல் கொடுக்கிறார்; பின் வருபவர் கவிழ்ந்தவரைக் காக்கிறார். முதலாண்டு கற்றவர் அடுத்த ஆண்டு புதியவருக்குக் கற்பிக்கிறார். உதவி பெறுபவராக மட்டுமே பார்க்கப்பட்டவர் பிறருக்கு உதவுபவராக மாறுவதே இம்மறுவாழ்வின் மையம்.