மகுடி ஊதிய வால்வுப் பெட்டி

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் எல்லோருக்கும் மனம் குளிரும். தென்காசியின் மைக் செட் கடைக்காரர்களுக்கு மட்டும் கவலை பிடிக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், அப்படியொரு கடையில் மாலை நேரங்களில் எடுபிடி வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஆம்பிளிஃபயர்கள் யாவும் வால்வு வகை. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. கண்ணாடிக் குமிழுக்குள் இழை மெல்லச் சிவந்து சூடேறிய பிறகே ஒலி பிறக்கும். ஆனி, ஆடி மாதத்து ஈரம் மின்தேக்கிகளுக்குள் புகுந்துவிட்டால் வெறும் உறுமல்தான் மிஞ்சும். முதலாளி பெட்டிக்கு அடியில் ஒரு குண்டு பல்பை இரவு முழுதும் எரியவிட்டு ஈரத்தை விரட்டுவார்.

ஒரு சீசனில், குற்றாலத்துக்குக் கச்சேரி செய்ய வந்த மெல்லிசைக் குழுவொன்று எங்கள் கடைக்கு விசித்திரமான ஒரு கருவியைக் கொண்டுவந்தது. ஆர்மோனியம் போல் கட்டைகள், ஆனால் துருத்தி இல்லை. கட்டைகள் ஒரு பெட்டியில், ஒலிபெருக்கி இன்னொரு பெட்டியில். சுருதி நிற்கவில்லை என்பது அவர்களுடைய புகார். பின்பலகையைக் கழற்றினால் உள்ளே எங்களுக்குப் பழக்கமான அதே வால்வுகள். முதலாளி ஒரு கட்டையை அழுத்தினார். எழுந்த ஒலியைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், “மகுடி!” என்றோம்.

அது கிளாவியோலின் வகைக் கருவி என்பது எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. பிரான்சைச் சேர்ந்த கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947இல் உருவாக்கியது அது. அதற்கு முன்பே அமெரிக்காவில் ஹாமண்ட் நிறுவனம் 1939இல் நோவாகார்ட் என்ற கருவியை வெளியிட்டிருந்தது. அதில் 163 வால்வுகள். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. மார்ட்டின் செய்தது அதற்கு நேர்மாறு. ஒரே அலையியற்றி, மூன்று ஆக்டேவ் கட்டைகள். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். ஸ்தாயியை மாற்றவும் நாதத்தின் நிறத்தை மாற்றவும் முன்புறம் சிறு விசைகள், ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல். இவ்வளவுதான்.

இந்த ஏழைக் கருவியை இந்தியாவின் காதுகளில் ஏற்றியது 1954இல் வெளிவந்த ‘நாகின்’ என்ற இந்திப் படம். கதாநாயகி நம் வைஜயந்திமாலா, இசை ஹேமந்த் குமார். லதா மங்கேஷ்கர் பாடிய பாடலில் ஒலிக்கும் அந்தப் பாம்பு இசையில் உண்மையான மகுடி கிடையாது. கிளாவியோலின் வாசித்தவர், பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையரில் ஒருவராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி. உடன் ஆர்மோனியம் வாசித்தவர் ரவி. எண்பதுகளில் பம்பாய் ரவி என்ற பெயரில் மலையாளப் படங்களுக்கு இசையமைத்து, செங்கோட்டைக்கு அப்பால் வீட்டுக்கு வீடு அறியப்பட்டவர் அவரே.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கட்டைகளில் சுரங்கள் அசையாமல் நிற்கின்றன, கமகம் பேசாது என்ற காரணத்தைக் கூறி அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. திரைப் பாடல்களோ, 1952க்குப் பின் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலியிலிருந்து பெரும்பாலும் காணாமற்போயின. 1957இல் விவித் பாரதி வந்த பிறகே நிலைமை மாறியது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாடல்களுக்குப் புகலிடம் இலங்கை வானொலி. ஆக, விலக்கப்பட்ட ஒரு கட்டைக் கருவியும் அதன் மின்சாரத் தம்பியும் சேர்ந்து, வானொலி ஒதுக்கிய திரையிசையில், கமகத்தின் உச்சம் என்று நாம் நம்பும் ஒரு நாதத்தைப் படைத்துவிட்டன!

இது எப்படிக் கூடியது? மகுடியில் இரண்டு குழல்கள். ஒன்று சுருதிக்கு, மற்றது மெட்டுக்கு. ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே ஊதுவதால் ஒலி அறுபடாது. வால்வுக்கும் மூச்சு முட்டாது. மின்சாரம் இருக்கும்வரை ஒரு சுரத்தை நிறுத்தாமல் பிடித்து நிற்கும். மேல் அலைகள் செறிந்த அந்த மூக்கொலியும் மகுடிக்கு நெருக்கமானது. ஒரு கட்டையை விடுமுன் அடுத்ததை அழுத்தினால், ஒற்றைச் சுரக் கருவியாகையால் ஒலி இடைவெளியின்றித் தாவும். பக்கத்துச் சுரத்தைத் தொட்டுத் திரும்பும் விரல் வேகத்தில் நம் காது வளைவைக் கேட்டுவிடுகிறது. கருவியில் இல்லாத கமகத்தைக் கேட்பவரே இட்டு நிரப்பிக்கொள்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு முதலாளி கருவியை ஒரு மணி நேரம் எரியவிட்டார். சூடேற ஏற சுருதி நகர்ந்துகொண்டே போயிற்று. நாங்கள் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருக்க, அவர் திருகைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்தார். ஈரத்தில் கசிந்த ஒரு மின்தேக்கியை மாற்றினார். வால்வு ஒன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வானொலி வால்வுகளைத் தயாரித்து வந்ததால் அது கைவசம் இருந்தது. “கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முந்தியே போட்டு வையுங்க. சூடு நின்னாத்தான் சுருதி நிக்கும்” என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அருவிக்குப் போகும் சாலையில் ஒரு பாம்பாட்டி ஊதிக்கொண்டிருந்தார். மூங்கிலும் சுரைக்குடுக்கையும் சேர்ந்த அசல் மகுடி. ஆனால் அவர் ஊதியதோ ‘நாகின்’ மெட்டு. கூட்டம் அதற்குத்தான் காசு போட்டது. நடுவே சற்று நேரம் அவர் புன்னாகவராளியின் சாயலில் ஏதோ ஊதினார். கூட்டம் கலையத் தொடங்கவே மீண்டும் படத்து மெட்டுக்கே திரும்பினார். முந்தின நாள் வால்வுப் பெட்டியைக் கேட்டு “மகுடி!” என்று கூவிய நாங்களும், கலைந்த அந்தக் கூட்டத்தில் இருந்தோம். இதை இன்று சொல்லிவிடுவதே நேர்மை.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புக் கூடையை மூடியது. பாம்பின் பொருட்டு அது நியாயமான சட்டம்தான். எண்பதுகளில் யமஹாவும் கேசியோவும் வால்வுக் கருவிகளைப் பரணுக்கு அனுப்பின. அசலும் போயிற்று, நகலும் போயிற்று. இன்று கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் வரும் பாம்பு இசை, பெரும்பாலும் அந்த நகலின் நகலே.

போலி என்று கிளாவியோலினை ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஈரத்துக்கு அஞ்சி, சூட்டுக்கு ஏங்கி, ஒரு மனிதரின் காதை நம்பி சுருதி சேர்ந்த கருவி அது. ஆனால் சாலையோரத்தில் அரைகுறையாக நின்றுபோன அந்தப் புன்னாகவராளியை யாரும் பதிவு செய்யவில்லை. தென் மாவட்டங்களின் பழைய மகுடிக்காரர்கள் ஊதிய மெட்டுகள் நண்பர்கள் எவருக்கேனும் நினைவில் இருந்தால் எழுதுங்கள். முடிந்தால் பாடியாவது பதிந்து வையுங்கள்.