நாட்பட்ட ஈரல் நோயில் செவிலியர் பகுத்தாய்வு

நாட்பட்ட ஈரல் நோயாளியிடம் தோன்றும் குறிகளையும் ஆய்வகம் தரும் அளவுகளையும் இணைத்துப் பார்த்து, எதை முதலில் கவனிப்பது, எந்தச் சிக்கலை எதிர்பார்த்திருப்பது என்று முடிவுசெய்து அதைப் பராமரிப்புத் திட்டமாக எழுதுவது செவிலியர் பகுத்தாய்வு எனப்படும். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு 1996-இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள செவிலியர் கல்லூரிகளில், மதிப்பீடு, செவிலியர் நோயறிதல், திட்டமிடல், செயற்படுத்தல், பயன் ஆராய்தல் என்னும் ஐந்து படிகளில் மாணவர்கள் இதைப் பயில்கின்றனர்.

இவற்றுள் இரண்டாம் படியே பிந்தி வந்தது. 1967-இல் யூரா, வால்ஷ் ஆகியோர் நான்கு படிகளையே வகுத்திருந்தனர்; 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் கூடிய மாநாடு செவிலியர் நோயறிதல்களை வகைப்படுத்தத் தொடங்கிய பின்னரே அது தனிப்படியாக நிலைபெற்றது. மருத்துவர் 'சிரோசிஸ்', அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், என்று எழுதுமிடத்தில் செவிலியர் 'உடலில் நீர்மிகை' என்றோ 'தோல் புண்ணாகும் அபாயம்' என்றோ எழுதுவது இதன் விளைவாகும்.

நோயின் கடுமையை அளக்கச் சைல்டு, டர்காட் ஆகிய அறுவை மருத்துவர்கள் 1964-இல் வெளியிட்ட வகைப்பாடு பிலிருபின், ஆல்புமின், மகோதரம் எனப்படும் வயிற்று நீர்க்கோவை, மூளைத் தடுமாற்றம், ஊட்டநிலை ஆகிய ஐந்தையும் கருதியது. 1973-இல் இலண்டனில் பியூவும் அவருடைய குழுவினரும் ஊட்டநிலையை நீக்கி, இரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்தனர். 5, 6 புள்ளிகள் ஏ பிரிவு, 7 முதல் 9 வரை பி, 10 முதல் 15 வரை சி எனக் கொள்ளப்படும். நீக்கப்பட்ட ஊட்டநிலையே செவிலியர் அன்றாடம் கண்டறியத்தக்கதும் திருத்தத்தக்கதுமாகும் என்பதால், பராமரிப்பைப் பொறுத்தவரை பழைய பட்டியலே மேலானது. புள்ளிக்கணக்கு நோயாளியை வகைப்படுத்துமே தவிர, அன்றைய பணியைச் சொல்லாது.

நோயாளி பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தால் அதை வெறும் தூக்கக்கேடு என்று விடாமல், நீட்டிய கைகள் படபடக்கின்றனவா, மலச்சிக்கல், காய்ச்சல், கருமலம் உண்டா, சிறுநீர்ப்பெருக்கி மருந்து மிகுந்ததா என்று வினவுவதே பகுத்தாய்வின் உயிர்நிலை. ஏனெனில் கைப் படபடப்பு மூளைத் தடுமாற்றத்தின் அறிகுறி; மற்றவை ஒவ்வொன்றும் அதைத் தூண்டவல்லவை. லாக்டுலோஸ் மருந்தை நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை இளகிய மலம் போகும் அளவில் கொடுப்பதும் இதனாலேயே. மகோதரத்தில் எடையும் தொப்புள் மட்டத்து வயிற்றுச் சுற்றளவும் தினமும் ஒரே நேரத்தில் குறிக்கப்படுகின்றன. கால் வீக்கமில்லாதவருக்கு நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். புரதத்தைக் குறைக்கும் பழைய வழக்கம் தவறானது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். உப்பு நாளுக்கு ஏறத்தாழ 5 கிராமுக்குள் நிற்க வேண்டியிருப்பதால் கேழ்வரகுக் களி நீடிக்கலாம், ஊறுகாயும் அப்பளமும் விலக்கப்படும்.