பன்னிரண்டு முறை நனைத்துப் பார்த்த மண்

சிமென்ட் கலந்த மண்ணில் ரோடு போடலாமா என்று பேச்சு வந்தால், எல்லாரும் முதலில் கேட்பது ‘எவ்வளவு பாரம் தாங்கும்?’ என்றுதான். மண் ஆய்வுக்கூடத்திலேயே சர்வீஸ் முழுவதையும் கழித்தவன் நான். என் முதல் கேள்வி வேறு: நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1915-இலேயே அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், சரசோட்டா ஊர்த் தெரு ஒன்றில் கிளிஞ்சலையும் மணலையும் சிமென்ட்டையும் போட்டு ஏர் கொண்டு உழுது கலந்து, உருளை ஓட்டி இறுக்கினார்கள். அது ஒரு துணிச்சல், அவ்வளவுதான். 1933-இல் ப்ராக்டர் என்ற பொறியாளர், எவ்வளவு ஈரத்தில் இடித்தால் மண் நன்றாக இறுகும் என்பதற்குக் கணக்கு சொன்னார். அந்தக் கணக்கு கையில் வந்தபின் 1935-இல் தென் கரோலினாவின் ஜான்சன்வில் அருகே முறைப்படியான சிமென்ட்-மண் ரோடு போடப்பட்டது. அமெரிக்கச் சிமென்ட் உற்பத்தியாளர் சங்கத்தில் இருந்த காட்டன் என்பவரின் குழு பலவகை மண்ணை எடுத்துச் சோதித்தது. அப்படித் திரண்ட முறை 1944-இல் தரநிலையானது.

முறை இதுதான். இடித்துச் செய்த உருளையை ஏழு நாள் ஈரக்காற்றில் வைக்க வேண்டும். பிறகு ஐந்து மணி நேரம் தண்ணீர், 42 மணி நேரம் 71 டிகிரி ஓவன். வெளியே எடுத்ததும் கம்பி பிரஷால் பக்கங்களையும் இரு முனைகளையும் தேய்க்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு சுற்று. கடைசியில் எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். மணல் மண்ணுக்கு 14 சதவீதம் வரை உதிரலாம். களிமண்ணுக்கு 7 சதவீதம்தான் சலுகை. தேய்க்கிற அழுத்தம் ஏறக்குறைய 1.4 கிலோ இருக்க வேண்டும் என்று விதி. அது கை பழகினால்தான் வரும். புதுப் பையன்கள் பாத்திரம் துலக்குவதுபோல் தேய்த்து, நல்ல கலவையையும் ஃபெயிலாக்கிவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓவன் சூட்டில் சிமென்ட் இன்னும் வேகமாக இறுகுகிறது. அதனால் சில கலவைகள் சில சுற்றுகளுக்குப் பிறகு முன்பைவிடக் கெட்டியாகவே இருக்கும். இயற்கை வெயிலில் அவ்வளவு தயவு கிடைக்காது.

நம் நாட்டுத் தரநிலை 1968-இல் வந்தது. பனி உறைந்து உருகும் சோதனையையும் அதிலேயே சேர்த்தார்கள். காஷ்மீருக்குச் சரி, கோவில்பட்டிக் கரிசலுக்கு அது எதற்கு? கரிசலின் எதிரி வெயில்தான். மழையில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்குச் சுண்ணாம்பு கலப்பார்கள், ஊதல் குறையும். ஆனால் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்தால் மயிரிழை வெடிப்புகள் விழுந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, அடக்கி வைத்த ஊதல் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும்.

ஒரு மாதம் பிடிக்கிற இந்தச் சோதனைக்கு ஒப்பந்தக்காரர் யாரும் காத்திருக்க மாட்டார். ஆகவே ஏழாம் நாள் நசுக்கிப் பார்க்கும் வலிமைச் சோதனையே நடைமுறையில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அதில் சம்மதமில்லை.

மெய்யான காத்திருப்பைக் கொலராடோவில் காட்டினார்கள். அணைக்கரைக்குப் பாறை கிடைக்காத வட்டாரம் அது. 1951-இல் பானி நீர்த்தேக்கக் கரையில் சிமென்ட்-மண் சரிவு ஒன்றைக் கட்டி, அலையிலும் பனியிலும் பத்து வருஷம் விட்டுப் பார்த்தார்கள். அது நின்றது, அதன் பிறகே அணைகளுக்கு இந்த முறையை நம்பினார்கள். அந்த நீர்த்தேக்கத்தை 2011-இல், அண்டை மாநிலத்துக்குச் சேர வேண்டிய ஆற்றுநீர்க் கணக்கைத் தீர்ப்பதற்காக வடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை. காவிரிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.