பாண்டி நாட்டுக் குதிரைகள்

தமிழகத்துப் போர்க்குதிரைகளில் பெரும்பகுதி கடல்வழி வந்தவை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் சேர நாடான மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். செட்டி என்பது அங்கே வணிகருக்கான பொதுப்பெயர். செட்டிநாட்டு நகரத்தாரோடு இவர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த வாணிகம் உச்சம் தொட்டது 13ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில். இன்றைய காரைக்குடி வட்டாரமும் அப்போது பாண்டி நாட்டைச் சேர்ந்தது. குதிரைகள் இறங்கிய துறைகளில் பெயர்பெற்றது தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்குப்படி, பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அதே விலையைப் பாண்டியன் கொடுத்தான். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடமே அமைச்சராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விற்றவர் பக்கம் நட்டம் வராதபடி எழுதிய ஒப்பந்தம் இது என்பது விளங்கும்.

வாங்கிய குதிரைகள் நிலைக்கவில்லை. 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் இங்கே இல்லை என்றும் சொல்கிறார். அப்படி ஒருவர் வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. குதிரைக்குச் சோற்றோடு வெந்த இறைச்சி போட்டார்கள் என்றும் எழுதுகிறார். இறைச்சிக் கதையை அப்படியே நம்பத் தயக்கம் வரலாம். ஆனால் வஸ்ஸாஃபும் ஏறக்குறைய இதே போக்கில்தான் சொல்கிறார்: வறுத்த வாற்கோதுமை, நெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் கொடுத்து, முளையடித்து 40 நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்கள், பிறகு பழக்காமலே, அங்கவடியும் இல்லாமல் ஏறி விரட்டுவார்கள். கொஞ்ச நாளில் வலுத்த குதிரையும் சோர்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

இன்றைய கால்நடை மருத்துவர் இதைப் படித்தால் காரணம் சொல்லச் சிரமப்படமாட்டார். குதிரையின் இரைப்பை சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயும்படி அமைந்த வயிறு அது. மாவுச்சத்து மிகுந்த தீனி ஒரேயடியாக உள்ளே போனால் பெருங்குடலில் புளித்து, வயிற்றுவலியும் குளம்பழற்சியும் வரும். குளம்பு அழன்ற குதிரை காலைத் தரையில் ஊன்றவே அஞ்சும். அசையாமல் நின்று கொழுத்ததைத் திடீரென்று விரட்டினால் தசை இறுகிச் சிதையும். ஈரமும் வெக்கையும் கலந்த கடற்கரைப் பருவநிலை வேறு. தென்னாட்டில் பின்னாளில் குதிரைத் தீனி என்றாலே கொள்ளு என்றானது. அதையும் ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகத்தான் கொடுப்பார்கள்.

குதிரை பற்றிய அறிவே இல்லாத நாடு என்று இதை ஒதுக்கவும் முடியாது. சாலிஹோத்திரர், நகுலன் பெயர்களில் அசுவ சாத்திரங்கள் வழங்கின. நகுலனுடையதைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அச்சிட்டிருக்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டதாகக் கதை சொல்லும் திருப்பெருந்துறை, அதாவது ஆவுடையார்கோயில், காரைக்குடிக்குக் கிழக்கே அறந்தாங்கி வட்டாரத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் சிவனே குதிரை வணிகராக வருகிறார். நரிகள் பரிகளாகி, இரவில் மறுபடி நரிகளாகின்றன. வாங்கிய குதிரை விடிவதற்குள் இல்லாமல் போவதை நாடு ஓரளவு பழகியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. குதிரைவீரனைக் குறித்த ராவுத்தன் என்ற சொல்லை, மயிலேறும் முருகனுக்கே சூட்டினார் அருணகிரிநாதர்.

18ஆம் நூற்றாண்டில் சிவகங்கைச் சீமைக்கும் குதிரைப்படை அரிதாகவே இருந்தது. 1772இல் சிவகங்கை அரசர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டபின், அமைச்சர் தாண்டவராய பிள்ளை மைசூரின் ஐதர் அலிக்கு எழுதிய கடிதத்தில் 5,000 காலாட்படையோடு 5,000 குதிரைப்படையும் கேட்டார். முத்துவடுகநாதரின் மனைவி வேலு நாச்சியார் 1780இல் சீமையை மீட்டது மைசூர் உதவியோடுதான்.

படை போனபின் சிவகங்கை, காரைக்குடி வட்டாரத்தில் குதிரை பந்தயத்துக்கு வந்தது. கோயில் திருவிழாக்களையொட்டி நடக்கும் எல்கைப் பந்தயங்களில் மாட்டு வண்டிகளுக்குப் பின் குதிரை வண்டிகளும் ஓடும். குறித்த எல்கை வரை போய்த் திரும்ப வேண்டும். பெரிய குதிரை, சின்ன குதிரை என்று பிரித்து விடுவார்கள். பந்தயத்துக்கு முன் தூரத்தை நாளுக்கு நாள் கூட்டி ஓட்டுவதும், நீரில் நீந்தவிட்டு மூச்சு ஏற்றுவதும், ஓடியதும் உடனே நிறுத்தாமல் நடத்தி ஆறவிடுவதும் பழக்குபவர் வேலை.

உயிர்க்குதிரை அரிதாக இருந்த இந்தச் சீமையில் மண்குதிரை ஏராளம். அய்யனாருக்குப் புரவி எடுப்பு என்றால் முதலில் ஊரார் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். மணலும் உமியும் கலந்து பிசைந்த களிமண்ணில் முதலில் நான்கு கால்களும் குழாய்போல எழும். அவை இறுகிய பிறகே வயிறும் கழுத்தும் ஏறும். ஈரக்கால் மேல் பாரம் வைத்தால் குதிரை உட்கார்ந்துவிடும். சுட்டு, சுண்ணாம்பும் வண்ணமும் பூசி, கடைசியாகக் கண் திறப்பார்கள். வேட்டியும் மாலையும் சாத்தி, அவற்றை நிறுத்தியிருக்கும் குதிரைப் பொட்டலில் இருந்து தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். பழையவற்றை அகற்றுவது கிடையாது. வெயிலிலும் மழையிலும் காது உதிர்ந்து, கால் முறிந்து கிடக்கும் அவற்றுக்கு முன்னால் புதியவை வரிசை கட்டும்.